மனநலத் துறையில் எந்த வழி? வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து காலேஜ் அட்மிஷன் முடியும்வரை என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சைக்காலஜி படிச்சா வேலை கிடைக்குமா சார்?" கேட்பவர் குடியாத்தத்தில் தறி வைத்திருக்கும் அப்பாவாக இருக்கலாம், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாவாக இருக்கலாம், பி.எஸ்சி. கடைசி வருடத்தில் அடுத்து என்ன என்று புரியாமல் நிற்கும் மாணவியாகவும் இருக்கலாம். சென்ற சில ஆண்டுகளாக ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களும் கேட்கிறார்கள்.

ஆமாம், இல்லை என்று இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. மனநலத் துறைக்குள் ஆறேழு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் படிப்பு வேறு, பதிவு வேறு, தினமும் செய்கிற காரியம் வேறு. எல்லாவற்றையும் "சைக்காலஜி" என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் ஐந்து வருடம் படித்து முடித்த பிறகு, தான் விரும்பிய வேலைக்கு அந்தப் படிப்பு போதாது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வருகிறது. அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆள் தேவை என்பதில் சந்தேகமே வேண்டாம். 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர்வரை சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள் என்றும் சொன்னது. ஆனால் ஆள் தேவை என்பதும் சம்பளத்தோடு வேலை காத்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

## முதலில் எதை வைத்து அளப்பது

கல்லூரியின் பெயரையோ பட்டத்தின் பெயரையோ பார்ப்பதற்கு முன்னால் ஐந்து விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சம்பளம் வர எத்தனை வருடம்? வீட்டில் அடுத்து ஒரு தங்கை படிக்க வேண்டும், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஏழு வருடப் படிப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதியில் நின்றுவிடும். நான் முதலில் கேட்பது இதைத்தான். பெற்றோருக்கு முன்னால் வைத்தே கேட்பேன்.

சட்டப்படி நீங்கள் யார்? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோருக்கு என்ன தகுதி வேண்டும் என்று தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. வெறும் எம்.எஸ்சி. சைக்காலஜி அந்த வரையறைக்குள் வராது. பலருக்கு இது படித்து முடித்த பிறகுதான் தெரிகிறது.

நம் பக்கத்தில் வேலை இருக்கிறதா? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களுக்குள்ளேயே இருக்க வேண்டுமா, சென்னை, பெங்களூரு போகலாமா, வெளிநாடு போகலாமா? ஒவ்வொரு பதிலுக்கும் வழி மாறும்.

ஒரு நாள் எப்படிப் போகும்? அறையில் உட்கார்ந்து பேசுவதா, வார்டில் நிற்பதா, ஊர் ஊராகப் பஸ் ஏறிப் போவதா?

ஃபீஸில் தெரியாத செலவு என்ன? நுழைவுத் தேர்வுக்காக வீட்டில் உட்காரும் வருடம், ஹாஸ்டல், பிணையப் பணி (படித்து முடித்ததும் அந்த நிறுவனத்துக்குக் கட்டாயமாகச் செய்ய வேண்டிய வேலை), அப்புறம் மனசில் ஏறும் பாரம். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

| வழி | பிளஸ் டூவில் என்ன குரூப் | பிளஸ் டூவுக்குப் பின் குறைந்தபட்ச ஆண்டுகள் | பதிவு அல்லது சட்டம் |
|---|---|---|---|
| மனநல மருத்துவர் | உயிரியல், நீட் | 8½ | மருத்துவக் கவுன்சில் |
| கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் | எதுவானாலும் | 7 | ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் |
| சமூகப் பணியாளர் | எதுவானாலும் | 5. மனநலச் சிறப்புத் தகுதியோடு 7 | 2017 சட்டம், 2021 துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் |
| மனநலச் செவிலியர் | பி.எஸ்சி. என்றால் உயிரியல் | 4. சிறப்பு டிப்ளமோவோடு 5 | செவிலியர் கவுன்சில் |
| கவுன்சிலர் | எதுவானாலும் | 5 | 2021 சட்டம் |
| சிறப்பாசிரியர் | எதுவானாலும் | டிப்ளமோ 2, பி.எட். 5 | ஆர்.சி.ஐ. |

எந்த இடத்திலும் ஒரு வருடம்கூட வீணாகாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. நடைமுறையில் நீட், பி.ஜி. நீட், எம்.ஃபில். நுழைவுத் தேர்வு என்று ஒன்றிரண்டு வருடம் கூடிவிடும்.

## மனநல மருத்துவர்

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதன்மேல் எம்.டி. மனநல மருத்துவம் மூன்று வருடம். மருந்து எழுதும் உரிமை, தனியாக கிளினிக் வைக்கும் வசதி, அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணி, சமூகத்தில் மரியாதை எல்லாம் சேர்ந்து வருவது இந்த வழியில்தான். வேலை கிடைக்குமா என்ற கேள்வியே இங்கே எழாது.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 2020 முதல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் உயிரியல் குரூப் எடுத்து நன்றாகப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வாய்ப்பைப் பார்க்காமல் விடாதீர்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

மறைமுகச் செலவு காலம்தான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுவரை படிப்பு ஓடும். முதுநிலை முடித்ததும் அரசுக் கல்லூரிகளிலும் மிஷன் மருத்துவமனைகளிலும் பிணையப்படி சில காலம் வேலை செய்ய வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். பேசி ஆற்றுப்படுத்த வேண்டும் என்ற ஆசையில் வந்த மருத்துவருக்கு இது பெரிய ஏமாற்றமாக இருக்கும்.

என் கருத்து இது. எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்துவிட்டதென்றால் மனநல மருத்துவம் அருமையான தேர்வு. ஆனால் மனநலத் துறைக்குப் போக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக நீட்டைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு வருடங்களைக் கழிக்காதீர்கள். அந்தக் காலத்துக்குள் நர்சிங் முடித்து இதே துறையில் வேலைக்கே போயிருக்கலாம்.

## கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்

சைக்காலஜி என்று சொல்லும்போது பெரும்பாலான பிள்ளைகளின் மனதில் இருக்கும் வேலை இதுதான். அமைதியான அறை, எதிரில் ஒருவர், ஒரு மணி நேரப் பேச்சு. அது உண்மைதான், ஆனால் அதில் பாதிதான். இன்னொரு பாதி சோதனைகளும் ரிப்போர்ட்டுகளும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பேரணாம்பட்டிலிருந்து ஆறாவது படிக்கும் பையனை அழைத்து வருகிறார்கள். நன்றாகப் பேசுகிறான், கணக்கு வாயால் சொல்கிறான், எழுத்து மட்டும் வரவில்லை. பினே-காமத் போன்ற அறிவுத்திறன் சோதனை, அப்புறம் படித்தல், எழுதுதல், கணக்கு மூன்றிலும் குறைபாட்டைக் கண்டறியும் சோதனைகள். பையன் சோர்ந்துபோனால் நிறுத்தி மறுநாள் தொடர வேண்டும். ஒவ்வொரு பதிலையும் எழுத்துக்கு எழுத்து குறித்து, மதிப்பெண் போட்டு, ரிப்போர்ட் எழுத வேண்டும். பொதுத் தேர்வில் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ கேட்கும்போது அந்த ரிப்போர்ட்தான் அடிப்படை. அதில் கையெழுத்துக்குக் கீழே ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பினால் அலைவது அந்தக் குடும்பம்தான்.

இந்தப் பதிவு எண் வருவதற்கு இதுவரை இருந்த முக்கிய வழி, எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜிக்குப் பின் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த நிறுவனத்தில் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கைக்கு விலக்கு கொடுத்தது. இதற்கிடையே ஆர்.சி.ஐ. நான்கு வருட பி.எஸ்சி. ஹானர்ஸ், முதுநிலைப் படிப்பு, சை.டி. என்ற முனைவர் நிலைப் படிப்பு என்று புதிய வழிகளைக் கொண்டு வந்திருக்கிறது. ஆக, இப்போது பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு அவருடைய அக்கா படித்த வழி பொருந்தாது. பட்டத்தின் பெயரில் "கிளினிக்கல்" என்று இருந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். சேரும் வருடத்தில், அந்தக் கல்லூரியில், அந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே பாருங்கள். ஹால்மார்க் முத்திரையைப் பார்க்காமல் தங்கம் வாங்க மாட்டோம், இதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடங்கள் மிகக் குறைவு. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடத்துக்கு நாடு முழுவதும் இருந்து போட்டி போடுகிறார்கள். காட்பாடியிலிருந்து பெங்களூருக்கு ரயில் நிறைய இருக்கிறது என்பது நமக்கு ஒரு வசதி, ஆனால் அங்கே வாடகைக்கு இருந்து படிக்கும் செலவு வீட்டுக்குத் தெரிய வேண்டும். தனியார் நிறுவனங்களில் கட்டணம் கனமாக இருக்கும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை எங்கே உண்டு, எங்கே கிடையாது என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

யாருக்கு இது நல்லது? ஏழு, எட்டு வருடம் காத்திருக்கக்கூடிய குடும்பம், ஆங்கிலத்திலும் தமிழிலும் தெளிவாக எழுத வருகிற பிள்ளை, ஒரே ஆளோடு மாதக்கணக்கில் பொறுமையாக வேலை செய்யும் குணம். இந்த மூன்றும் இருந்தால் தைரியமாகப் போகலாம். பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வேலூரில் இருந்தாலும் திருப்பத்தூரில் இருந்தாலும் ஆள் தேடி வரும். அந்த அளவுக்குப் பற்றாக்குறை இருக்கிறது.

## சமூகப் பணியாளர்

நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத வழி இது. நான் மிகவும் மதிக்கும் வழியும் இதுதான்.

ஏதாவது ஒரு பட்டப்படிப்பு, அப்புறம் இரண்டு வருடம் எம்.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப் பணி முதுநிலைப் படிப்பு. அதில் மருத்துவ, மனநலப் பிரிவைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். பி.காம். படித்தவர்களும் தமிழ் இலக்கியம் படித்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போல நம் பக்கத்திலேயே படிக்க இடம் இருக்கிறது. சட்டம் சொல்லும் முழுத் தகுதி வேண்டுமென்றால் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் மனநல சமூகப் பணியில் எம்.ஃபில். இதுவரை தேவைப்பட்டது. மேலே சொன்ன எம்.ஃபில். சிக்கல் இதற்கும் உண்டு.

வேலை எப்படி இருக்கும்? ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மகனுக்கு மனச்சிதைவு நோய், மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவன் இரண்டு மாதமாக நிறுத்திவிட்டான். டாக்டரின் சீட்டில் "மருந்து ஒழுங்காக எடுக்கவில்லை" என்று ஒரு வரி இருக்கும். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டால்தான் உண்மை தெரியும். மாத்திரை வாங்க வேலூர் வந்து போனால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. "டவுனுக்கு வர நாளெல்லாம் வேல போவுது மேடம், சோத்துக்கு இன்னா பண்றது?" என்று அந்த அம்மா கேட்பார். பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்வது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மனநல மருத்துவரிடம் சான்று வாங்கித் தருவது, தகுதி இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு போடுவது, "பேய் பிடிச்சிருக்கு, மருந்தெல்லாம் வேணாம்" என்று சொல்லும் தாய்மாமனிடம் மரியாதை குறையாமல் பேசுவது, எல்லாம் இவர் வேலை. அந்த மகன் மறுபடி மாடு மேய்க்கவோ மேஸ்திரி வேலைக்கோ போகத் தொடங்கினால் அதில் இந்தப் பணியாளரின் பங்கு டாக்டரின் பங்குக்குக் குறைந்ததில்லை.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. வீட்டு வாசலுக்கு வந்து வழி சொல்ல ஆள் இல்லாதவர்கள்தான் அதில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். சமூகப் பணியாளர் நிரப்புவது அந்த இடத்தைத்தான்.

வேலை வாய்ப்பு: மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவமனைகள், போதை மறுவாழ்வு மையங்கள், மறுவாழ்வு இல்லங்கள், தொண்டு நிறுவனங்கள். சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993 முதல் இயங்கும் பேன்யன் போன்ற மனநலத் தொண்டு அமைப்புகளில் பயிற்சிக்குப் போனால் அனுபவம் நன்றாகக் கிடைக்கும். இன்னொரு வசதியும் உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர் இந்தத் துறை ஒத்துவரவில்லை என்றால் ராணிப்பேட்டை, ஆம்பூர் தொழிற்சாலைகளில் நல அலுவலர், ஹெச்.ஆர். வேலைக்குப் போகலாம். தோற்றாலும் கைவிடாத பட்டம் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

குறை என்னவென்றால் சம்பளம். தொண்டு நிறுவனச் சம்பளம் ஆரம்பத்தில் குறைவு. அரசுத் திட்டங்களில் தொகுப்பூதியம்தான், 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். வேலை நிரந்தரமில்லை என்பதால் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது கஷ்டம் தெரியும். அலைச்சலும் அதிகம். கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு வரும் நாட்கள் இருக்கும், அதை வீட்டார் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

## மனநலச் செவிலியர்

சீக்கிரம் சம்பளம் வேண்டும், நிரந்தரத் தொழில் வேண்டும், மனநலத் துறையும் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். அதன்மேல் மனநலச் செவிலியத்தில் ஒரு வருட டிப்ளமோ படிக்கலாம், அல்லது ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு அதே பிரிவில் எம்.எஸ்சி. போகலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் செவிலியர் கல்லூரி 1946 முதலே பட்டப்படிப்பு நடத்துகிறது. நல்ல நர்சிங் படிப்பைத் தேடி வெளி மாநிலத்துப் பிள்ளைகள் வேலூருக்கு வரும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே யோசிக்காமல் இருக்கிறார்கள்.

பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்குவார். 1950களில் நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்து வைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் தொடங்கிய முறை அது. அப்படிப்பட்ட வார்டில் செவிலியருக்கு நோயாளியும் உண்டு, அவரோடு இருக்கும் அம்மாவும் உண்டு. ராத்திரி மூன்று மணிக்குத் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்த்துக்கொண்டு அம்மாவும் தூங்காமல் இருப்பார். மாத்திரையை விழுங்கினாளா, நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறாளா என்று பார்க்க வேண்டும், அதுவும் அவள் மனம் கோணாமல். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மருந்தை எடுக்கும் நோயாளிக்கு வாந்தியும் பேதியும் வந்து, கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடினால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிட்டது என்று முதலில் சந்தேகப்பட வேண்டியவர் பெரும்பாலும் செவிலியர்தான். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்வரை அதற்குக் காத்திருக்கக் கூடாது.

செலவுகள்: ஷிப்ட் வேலை, உடல் களைப்பு, சில சமயம் கோபத்தில் இருக்கும் நோயாளியிடம் அடி வாங்கும் அபாயம். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் மனம் நோகும்படி குறைவாக இருக்கும். "மென்டல் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற பொண்ணா?" என்று கல்யாணப் பேச்சில் கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்பவர்களுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் அப்பா அம்மா இருந்தால் பாதி பாரம் குறையும். ஆண் பிள்ளைகளும் இந்தப் பிரிவுக்கு வரலாம். மனநல வார்டுகளில் ஆண் செவிலியர்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இந்தப் பட்டியலில் எளிதான வழி செவிலியம்தான். ஆங்கிலத் தேர்வுக்கு மட்டும் முதல் வருடத்திலிருந்தே தயாராகுங்கள்.

## கவுன்சிலர்

இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

எம்.எஸ்சி. சைக்காலஜியோ கவுன்சலிங் சைக்காலஜியோ முடித்தவர்கள் பள்ளி, கல்லூரி, எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையம், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், போதை மறுவாழ்வு மையம் ஆகிய இடங்களில் கவுன்சிலராகலாம். வேலை நல்ல வேலை. தேர்வில் தோற்ற பையனோ வீட்டில் அடி வாங்கும் பெண்ணோ முதலில் வந்து உட்காருவது இவர்கள் முன்னால்தான். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த மாணவி இறந்த வழக்கில், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஒரு கவுன்சிலரையோ சைக்காலஜிஸ்டையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டியது. பள்ளிகள் அதை மனப்பூர்வமாக எடுத்துக்கொண்டால் நம் ஊரில் எத்தனையோ பேருக்கு வேலை உண்டு.

ஆனால் இன்று நிலைமை என்ன? பல பள்ளிகளில் கவுன்சிலர் என்று எடுத்துவிட்டு வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள், பரீட்சை ஹாலில் நிறுத்துகிறார்கள். மாணவி ரகசியமாகச் சொன்னதை நிர்வாகம் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியும் வருகிறது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வாங்கும்போதே தனி அறை உண்டா, ரகசியம் காக்க முடியுமா, வாரத்துக்கு எத்தனை பீரியட் வகுப்பு என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். வேலையோடு தபால் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி படித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல், மேலே பட்டியலில் சொன்ன 2021 துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. சைக்காலஜியும் அதில் வருகிறது. இனியும் "வீட்டிலிருந்தே சைக்காலஜி டிகிரி" என்று விளம்பரம் பார்த்தால் பணம் கட்டாதீர்கள். ஆறு வார, மூன்று மாத சர்டிபிகேட் கோர்ஸ்களும் அப்படித்தான். அறிவை வளர்த்துக்கொள்ள உதவலாம், அதை வைத்து போர்டு மாட்டிக்கொண்டு தற்கொலை எண்ணத்தோடு வரும் ஒருவரை எதிரில் உட்கார வைப்பது தவறு. ஓர் உயிர் போகலாம்.

கவுன்சிலர் வழி யாருக்கு ஒத்துவரும்? ஆசிரியராக இருந்துகொண்டே மாணவர்களுக்கு உதவ விரும்புபவருக்கு நன்றாக ஒத்துவரும். என்.சி.இ.ஆர்.டி. எனும் மத்தியக் கல்வி அமைப்பு, ஆசிரியர்களுக்கென்றே வழிகாட்டுதல், ஆலோசனைக்கான டிப்ளமோ நடத்துகிறது. எம்.எஸ்சி.க்கு மேல் படித்துப் பதிவு பெறும் திட்டம் இருப்பவருக்கு இது நல்ல இடைநிலைப் படி. எம்.எஸ்சி.யோடு நின்று தனி கிளினிக் போடலாம் என்ற கணக்கில் வருபவரிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

## குழந்தைகளோடு வேலை: சிறப்பாசிரியர், ஆக்குபேஷனல் தெரபி

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளோடு வேலை செய்ய விரும்பினால் இரண்டு வழி. சிறப்புக் கல்வியில் டிப்ளமோ அல்லது பி.எட்.; இரண்டுக்கும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் வேண்டும். இரண்டே வருடத்தில் வேலைக்குப் போக இந்தப் பட்டியலில் டிப்ளமோ ஒன்றுதான் வழி. மற்றொன்று ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானாகச் செய்யப் பழக்கும் சிகிச்சை; உயிரியல் படித்தவர்களுக்கு, நான்கரை ஐந்து வருடம். வேலூரில் சி.எம்.சி.யிலேயே அந்தப் படிப்பு இருக்கிறது, பாகாயத்தில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கென நம்பிக்கை நிலையமும் இருக்கிறது. தெரபிஸ்டுகளுக்குச் சின்ன ஊர்களில்கூட இப்போது தேவை கூடிவிட்டது. முன்னேற்றம் மெதுவாகத்தான் தெரியும். ஒரு குழந்தை தானாகச் சட்டைப் பட்டன் போடப் பல மாதம் ஆகலாம், அதில் சந்தோஷப்படத் தெரிந்தவர்கள் வரலாம்.

## இந்த நிலையில் இருந்தால் இதை யோசியுங்கள்

உயிரியல் குரூப், வீட்டில் வருமானம் அவசரம்: நர்சிங். மார்க் நன்றாக வந்து எம்.பி.பி.எஸ். இடமும் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

காமர்ஸ் அல்லது கலைப் பாடம், மக்களோடு பழகப் பிடிக்கும், ஐந்து வருடம் பொறுக்க முடியும்: எம்.எஸ்.டபிள்யூ.

பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருடம்: எம்.எஸ்சி.க்குப் பணம் கட்டும் முன் அதற்கு அடுத்த படி எங்கே என்று தீர்மானியுங்கள். ஆர்.சி.ஐ. அனுமதி உள்ள படிப்பில் நேரடியாகச் சேர முடியுமா என்று பாருங்கள். முடியாது, காத்திருக்கவும் இயலாது என்றால் எம்.எஸ்.டபிள்யூ.க்கு மாறுவதில் எந்த இழிவும் இல்லை.

முப்பது வயது, ஐ.டி. வேலை, குடும்பம் இருக்கிறது: முழுநேரப் படிப்பைத் தவிர்க்க முடியாது. இரண்டு வருடம் சம்பளமில்லாமல் ஓட்டச் சேமிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன் சனி, ஞாயிறுகளில் ஒரு மறுவாழ்வு இல்லத்துக்குத் தன்னார்வலராகப் போய்ப் பழகுங்கள். சில மாதம் போதும், இந்த வேலை உங்களுக்கு ஆகுமா என்று உங்களுக்கே தெரியும்.

தனக்கே மனச்சோர்வு வந்து மீண்டவர்கள், அதனாலேயே இந்தத் துறைக்கு வர விரும்புவதாகச் சொல்கிறார்கள். தாராளமாக வரலாம், அது குறை இல்லை. ஆனால் உங்கள் சிகிச்சையை நிறுத்திவிட்டு வராதீர்கள். படிக்கும் காலத்திலும் உங்களுக்கென்று பேச ஓர் ஆள் இருக்கட்டும். அடுத்தவர் துயரத்தைத் தினமும் கேட்கும்போது பழையது கிளம்பும். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

## பணம் கட்டும் முன் கல்லூரியில் கேட்க வேண்டியவை

இந்தப் படிப்பை முடித்தால் எந்தக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும்? அந்த அனுமதிக் கடிதத்தின் நகலைக் காட்ட முடியுமா, அது எந்த ஆண்டுவரை செல்லும்? நேரடிப் பயிற்சி எந்த மருத்துவமனையில், வாரத்துக்கு எத்தனை நாள்? அங்கே மேற்பார்வை செய்பவர் பதிவு பெற்றவரா? சென்ற இரண்டு பேட்ச் மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களில் இருவரோடு போனில் பேச முடியுமா?

கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் நம்பர் கொடுக்கும் கல்லூரியை நம்பலாம். கொடுக்காத இடத்தில் அன்றைக்கே ஃபீஸ் கட்ட வேண்டாம், வீட்டுக்கு வந்து ஒரு வாரம் விசாரியுங்கள்.